கரிசல் கணக்கு – 11: கோரல் மில்லின் ஒன்பது நாள்

சென்ற இதழில் சங்கரன்கோவில் தாலுகாவின் பருத்தி மூட்டைகளைக் கோவில்பட்டி ரயிலடி வரைக்கும் கொண்டுபோய் இறக்கியிருந்தோம். ஐப்பசி மழைக்கு விதைத்த நாட்டுப் பருத்தி மாசியில் வெடிக்கத் தொடங்கும். பெண்கள் மடி கட்டிக்கொண்டு நிரை பிடித்து எடுப்பார்கள். எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் அவர்களுக்குக் கூலி. மீதி மூட்டையாகி வண்டியேறும். கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். விடிய விடிய மாடு நடந்தாக வேண்டும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876லேயே ரயில் வந்துவிட்டது. நம்மூர் சங்கரன்கோவில் ரயிலைப் பார்த்தது 1927இல்தான். அதுவரை இந்தப் பக்கத்துப் பருத்திக்கு மாட்டு வண்டியே கதி.

கோவில்பட்டியிலிருந்து மூட்டைகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. பெரும்பகுதி கப்பலேறியது. ஒரு பகுதி மட்டும் கடலைத் தாண்டாமல் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதை வாங்கி நூலாக்கியது கோரல் மில். சங்கரன்கோவில் காட்டில் விளைந்த பஞ்சு, திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் கையால் நூலாகி, நம்மூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள் வாங்கும் சந்தைக்கே திரும்பி வந்தது. விளைவித்தவன், நூற்றவன், நெய்தவன் மூவரும் இந்த மண்ணின் ஆட்கள். பருத்திக்கு என்ன விலை, ஆலையில் என்ன கூலி, நூலுக்கு என்ன விலை என்ற மூன்று கணக்கையும் எழுதியவர்கள் வேறு ஆட்கள். அந்த ஏட்டில் ஒரு வரியை 1908 மாசி மாதத்தில் தொழிலாளர்கள் திருத்தி எழுதினார்கள். ஒன்பது நாளில் அதைச் சாதித்தார்கள். அதற்கு அவர்களின் தலைவர்கள் கொடுத்த விலை என்ன என்பதும் சேர்ந்ததே இந்த இதழின் கதை.

துரைகள் ஏன் இங்கே வந்தார்கள்?

ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற பிரிட்டிஷ் சகோதரர்கள் தென் தமிழ்நாட்டில் பருத்தி வியாபாரத்தில் காலூன்றியவர்கள். ஏ. அண்ட் எஃப். ஹார்வி என்ற அவர்களுடைய கம்பெனி 1880களில் நூற்பாலைத் தொழிலுக்குள் நுழைந்தது. முதலில் பாபநாசத்தில், தாமிரபரணியின் நீர்விசையை நம்பி ஓர் ஆலை. பிறகு தூத்துக்குடியில் கோரல் மில். அதன் பிறகு மதுரை மில். மூன்றுக்கும் சேர்த்து நம் மக்கள் வைத்த பெயர் ஹார்வி மில்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று? காரணங்கள் தெளிவானவை. பருத்தி வாசலிலேயே கிடைத்தது. நிலக்கரி கப்பலில் துறைமுகத்துக்கே வந்து இறங்கியது. நூலை வாங்கத் தறிகள் ஊருக்கு ஊர் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் மலிவாகக் கிடைத்தது.

ஆள் ஏன் மலிவாகக் கிடைத்தது என்பதைப் புரிந்துகொள்ள மானாவாரி வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தை நினைவில் வைத்திருந்த தலைமுறை அது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அந்தப் பஞ்சத்தில் நிலத்தையும் மாட்டையும் இழந்த குடும்பங்களுக்கு இரண்டு வழிகள்தான் மிஞ்சின. ஒன்று, தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போவது. மற்றொன்று, தூத்துக்குடியிலேயே இறங்கி மில் வாசலில் நிற்பது. மழை பொய்த்த வருஷமெல்லாம் மில் வாசலில் கூட்டம் கூடும். கூட்டம் கூடக் கூடக் கூலி ஏறாது. ஒருவன் போனால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்ற தைரியம் முதலாளிக்கு வந்துவிடும். இதைச் சந்தை நிலவரம் என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்லலாம். வயிறு காய்ந்த மனிதன் பேரம் பேச முடியாது என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆலைக்குள்ளே

அந்தக் கால நூற்பாலை ஒன்றின் உள்ளே போய்ப் பார்ப்போம். சங்கு ஊதும்போது பொழுது சரியாக விடிந்திருக்காது. முதலில் பஞ்சைப் பிரித்து அடிக்கும் கூடம். அங்கே தூசியும் கொட்டைத் தூளும் பறந்து மூக்கையும் தொண்டையையும் அடைக்கும். அடுத்து பஞ்சைச் சிக்கெடுத்துப் பட்டையாக்கும் யந்திரங்கள். அதன் பிறகு கதிர்கள் சுற்றும் நூற்புக் கூடம். நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். ஆகவே ஜன்னல்கள் அடைத்தே கிடக்கும். தூத்துக்குடி வெயிலில் அந்தப் புழுக்கம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கதிர் வரிசைகளுக்கு நடுவே ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். எங்கே இழை அறுந்தாலும் ஓடிப் போய் இரண்டு முனையையும் விரலால் திருகி ஒட்ட வேண்டும். யந்திரம் நிற்காது. ஓடும்போதே ஒட்ட வேண்டும். இந்த வேலைக்குச் சிறிய விரல்கள் வாகானவை என்று சிறுவர்களை வைத்துக்கொள்வது அக்கால ஆலைகளின் வழக்கம். தலைமுடி, புருவம், வேர்வை படிந்த முதுகு எல்லாவற்றிலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். சாயந்தரம் வெளியே வரும்போது இருபது வயதுக்காரனும் நரைத்த தலையோடுதான் வருவான்.

இதற்கு மேல் மேஸ்திரியின் அதிகாரம். ஆளை வேலைக்குச் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் அவர் கையில். தாமதமாக வந்தால் அபராதம். நூல் கெட்டால் சம்பளத்தில் பிடித்தம். எதிர்த்துப் பேசினால் அடி. கோரல் மில் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் இவை எல்லாம் அடக்கம். பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடையாது. உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் சாவு என்றால்கூட லீவு கிடைப்பது அரிது. இவ்வளவுக்கும் கிடைத்த சம்பளம் குடும்பம் நடத்தப் போதவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1881இலும் 1891இலும் இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள் வந்தன. 1891ஆம் ஆண்டுச் சட்டம் 9 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 14 வயது வரை ஒரு நாளைக்கு 7 மணி நேரம், பெண்களுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்றும் எழுதி வைத்தது. இதற்குப் பின்னால் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலும் இருந்தது. இந்திய ஆலைகள் மலிவான உழைப்பால் தங்கள் சந்தையைப் பிடித்துவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு. வளர்ந்த ஆண் தொழிலாளி எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் வரம்பே இல்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் துணி ஆலைகளுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. 1907–08இல் அரசாங்கமே அமைத்த தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷன் நாடெங்கும் ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, அளவுக்கு மீறி வேலை வாங்குவதைப் பதிவுசெய்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த வார விடுமுறை ஆலைக் கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை என்பதைக் கோரல் மில் தொழிலாளர்களின் கோரிக்கையே காட்டுகிறது. சட்டம் கொடுத்ததாகச் சொன்ன ஒன்றைக் கேட்பதற்கே அவர்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது.

கடற்கரையில் ஒரு மாதம்

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை அப்போது தூத்துக்குடியில் பெயர் பெற்ற வக்கீல். 1906இல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது. கப்பலோட்டிய தமிழன் என்று அவரை எல்லாரும் அறிவோம். அந்தப் பட்டப் பெயரின் வெளிச்சத்தில், மில் தொழிலாளிக்காக நின்ற சிதம்பரம் பிள்ளை பாதி மறைந்துபோனார்.

1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். வத்தலகுண்டுக்காரர். வயது 23. பேசத் தொடங்கினால் கூட்டம் அசையாது. பிப்ரவரி முழுவதும் கடற்கரையில் கூட்டங்கள் தொடர்ந்தன. சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் மாறி மாறிப் பேசினார்கள். சுயராஜ்யம், அந்நியப் பொருள் பகிஷ்காரம் என்று தொடங்கிய பேச்சு, கொஞ்சம் கொஞ்சமாக மில் தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வந்தது. அந்நியன் ஆட்சி என்பது கலெக்டர் ஆபீஸில் மட்டும் இல்லை, விடிகாலையில் ஊதும் சங்கிலும் இருக்கிறது என்பதை அந்தக் கூட்டத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்கள் அதை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். பின்னாளில் அந்தக் குறிப்புகள்தான் வழக்கில் சாட்சியமாயின.

பிப்ரவரி 23 அன்று மில் தொழிலாளர்களைப் பற்றியே சிதம்பரம் பிள்ளை பேசினார். நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 27 வியாழக்கிழமை, கோரல் மில்லில் வேலை நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். கூலியை உயர்த்த வேண்டும், வார விடுமுறை வேண்டும், அவசரத்துக்கு லீவு வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். தொழிற்சங்கம் என்ற ஒன்று அப்போது அங்கே இல்லை. சந்தா இல்லை, ரசீது இல்லை, கொடி இல்லை. ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு மட்டும் இருந்தது.

ஊரே நின்றது

மாசக் கடைசியில் வேலையை நிறுத்துவது என்றால் என்ன என்று தினக்கூலிக் குடும்பங்களுக்குத் தெரியும். கையில் இருப்பு இருக்காது. கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினால் மூன்றாம் நாள் அடுப்பு எரியாது. நிர்வாகம் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கும். எந்த ஆலையிலும் முதலாளியின் முதல் ஆயுதம் தொழிலாளியின் பசி.

அந்த ஆயுதத்தைத் தூத்துக்குடி மக்கள் பிடுங்கிக்கொண்டார்கள். சிதம்பரம் பிள்ளை ஊரில் பணம் திரட்டினார். வணிகர்களும் வக்கீல்களும் கொடுத்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்யப்பட்டது. முடிந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்று வேலை தேடிக் கொடுக்கப்பட்டது. மில்லுக்குள் போகாத ஒருவன் பட்டினி கிடக்க மாட்டான் என்ற உறுதி கிடைத்த பிறகு நிர்வாகத்தின் காத்திருப்புக்கு அர்த்தமில்லாமல் போயிற்று.

தொழிலாளர்கள் பக்கம் நிற்காதவர்களிடம் ஊர் எப்படி நடந்துகொண்டது என்பதற்குத் தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. ஒரு வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி ஒரு கன்னத்தை முடித்து மறு கன்னத்துக்கு வர வேண்டிய நேரம். பேச்சு வாக்கில் அவர் வெள்ளைக்காரர்களுக்கு ஆதரவானவர் என்பது நாவிதருக்குத் தெரிந்தது. அவர் கத்தியைத் துடைத்து மடக்கினார். பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். பாதிச் சவரத்தோடு அந்த வக்கீல் ஊரெல்லாம் தேடியும் மீதியைச் செய்ய ஆள் கிடைக்கவில்லையாம்.

சிரித்துக்கொண்டே சொல்லப்படும் இந்தச் செய்தியில் நான் காண்பது வேறு. அந்த நாவிதர் மில் தொழிலாளி இல்லை. அவருக்குக் கூலி உயர்வு கிடைக்கப்போவதில்லை. அன்றைய சமூகத்தில் அவர் எந்தப் படியில் வைக்கப்பட்டிருந்தார், வக்கீல் எந்தப் படியில் இருந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். அன்றைய வரும்படியையும் நாளைய வாடிக்கையையும் இழக்கத் துணிந்துதான் அவர் எழுந்திருக்கிறார். கோரல் மில் வேலைநிறுத்தத்தின் பலம் மேடையில் பேசியவர்களிடம் மட்டும் இருக்கவில்லை. பெயர் பதிவாகாத இந்த மனிதர்களிடம் அது பரவிக் கிடந்தது.

மார்ச் 7, சனிக்கிழமை

ஒரு வாரம் போனது. யந்திரங்கள் நின்றன. பருத்தி வரத்து தொடங்கும் பருவத்தில் ஆலை சும்மா கிடந்தால் யாருக்கு நஷ்டம் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். கடைசியில் அவர்களே சிதம்பரம் பிள்ளையிடம் ஆள் அனுப்பினார்கள். தொழிலாளர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அவர் பேசப் போனார். கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் நிர்வாகம் இணங்கியது. மார்ச் 7 சனிக்கிழமை தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஒன்பது நாள். வெள்ளைக்கார முதலாளி ஒருவர், வெள்ளைக்கார அரசாங்கத்தின் நிழலில் இருந்துகொண்டு, உள்ளூர்த் தொழிலாளர்களோடு ஒரே மேசையில் பேசி இறங்கி வந்தார். மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் இதன் பலன் கிடைத்தது. கல்கத்தாவில் அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை தூத்துக்குடியின் வெற்றியைப் பாராட்டி எழுதியது. படித்தவர்களும் உழைப்பவர்களும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாட்டுக்கே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது.

அரசாங்கமும் அதே எடுத்துக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்து நாள் கழித்து

தூத்துக்குடி சப் டிவிஷன் அப்போது ஆஷ் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. ஜில்லா கலெக்டர் விஞ்ச். பேச்சுகளைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு மில் தொழிலாளர்களின் வெற்றியைப் பொறுக்க முடியவில்லை. வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் மார்ச் 9 அன்று சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடக் கூடாது என்ற தடை போடப்பட்டது. தடையை மீறிக் கொண்டாடினார்கள். மார்ச் 12 அன்று திருநெல்வேலிக்கு வரவழைக்கப்பட்ட சிதம்பரம் பிள்ளை, சிவா, அவர்களின் தோழர் பத்மநாப அய்யங்கார் மூவரும் கைதானார்கள்.

மறுநாள் மார்ச் 13 வெள்ளிக்கிழமை திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைபட்டன. நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் போலீஸ் ஸ்டேஷனும் தீக்கிரையாயின. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். வரலாற்றில் இதற்குத் திருநெல்வேலி எழுச்சி என்று பெயர். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி எழுதிய நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தூத்துக்குடியில் நடந்ததுதான் நம் கணக்குக்கு முக்கியம். கூலி உயர்வு வாங்கிச் சில நாட்களே ஆன கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை தங்களுக்கென்று எதையும் கேட்கவில்லை. தங்களுக்காக நின்ற தலைவர்களை விடச் சொல்லி நிறுத்தினார்கள். நகரத் துப்புரவுத் தொழிலாளர்களும் ஜட்கா வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பம்பாயில் திலகருக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்து ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் அதே ஆண்டு ஜூலையில்தான் வந்தது. லெனின்கூட அதைக் குறிப்பிட்டு எழுதினார். அதற்கு நான்கு மாதம் முன்னாலேயே தூத்துக்குடியில் மில் தொழிலாளர்கள் அரசியல் காரணத்துக்காக யந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். இந்தச் செய்தி நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் விரிவாக வர வேண்டும்.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை. ஒன்று ராஜ துரோகப் பேச்சுக்கு. மற்றொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டு. சிவாவுக்கு 10 ஆண்டு. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபுவே வைசிராய் மிண்டோவுக்கு எழுதியபோது இந்தத் தண்டனைகளைக் கண்டித்தார். நவம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. ஆனாலும் கோயம்புத்தூர்ச் சிறையில் சிதம்பரம் பிள்ளை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். 1912 டிசம்பரில் அவர் வெளியே வரும்போது சுதேசிக் கப்பல் கம்பெனி மூடப்பட்டிருந்தது. சிவா தொழுநோயோடு சிறையிலிருந்து வந்தார். ஊர்களும் தப்பவில்லை. கலவரம் செய்ததற்குத் தண்டமாக, கூடுதல் போலீஸ் படையின் செலவு மக்கள் தலையில் வரியாக விழுந்தது.

நூற்புத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிக் கொடுத்த வக்கீலுக்கு 40 ஆண்டு என்று ஒரு நீதிபதி எழுதும்போது, அந்த அரசாங்கம் எதற்குப் பயந்தது என்பது விளங்குகிறது. கடற்கரைப் பேச்சு எத்தனையோ ஊரில் நடந்தது. ஆலைக்குள் இருப்பவனும் ஆலைக்கு வெளியே இருப்பவனும் ஒரே பக்கம் நின்ற காட்சி தூத்துக்குடியில்தான் நடந்தது. அந்தச் சேர்க்கையை உடைக்கத்தான் அவ்வளவு பெரிய தண்டனை.

விதை முளைத்தது

தலைவர்களை அடைத்துவிட்டால் கேள்வி அடங்கிவிடும் என்று நினைத்தவர்களுக்குப் பத்தாண்டு கழித்துப் பதில் வந்தது. சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் மத்தியான இடைவேளை போதவில்லை என்பது தொழிலாளர்களின் பெருங்குறை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மணி அடித்துவிடும். செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் முயற்சியில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கோரல் மில்லில் வாக்காக இருந்தது பெரம்பூரில் சந்தாவும் ரசீதும் உள்ள சங்கமாயிற்று.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? சங்கத் தலைவர்கள் தொழிலாளர்களைத் தூண்டி ஒப்பந்தத்தை மீறச் செய்து நஷ்டம் விளைவித்ததாக உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடை உத்தரவும் கொடுத்தது. கூலி கேட்கச் சொல்வதே சட்டப்படி குற்றம் என்ற நிலை. அந்த வழக்கு நாடெங்கும் எழுப்பிய கண்டனத்தின் விளைவாகத்தான் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை எந்தத் துரையும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. தூத்துக்குடியிலும் பெரம்பூரிலும் பட்டினி கிடந்தவர்களும் அடிபட்டவர்களும் சம்பாதித்துக் கொடுத்தது.

அந்தச் சட்டம் நிறைவேறி நூறு ஆண்டாகும் காலத்தில் நாம் இருக்கிறோம். சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரி புறப்படும் சென்னை பஸ்களில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் வட்டாரப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அங்கே சுங்குவார்சத்திரத்தில் தென்கொரியாவின் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலையை நிறுத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 37 நாள். சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதன்மையான கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவுசெய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. தலைவர்கள் கைதானார்கள். பதிவுக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. 1926இல் சட்டமான உரிமையைக் கையில் வாங்க 2025 வரை போராட வேண்டியிருந்தால், சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, ஆலைக்குள் இருப்பது வேறு என்பது கோரல் மில் காலத்தைப் போலவே இன்றும் உண்மை.

முதலாளி வெளிநாட்டுக்காரராக இருப்பதால்தான் இந்த அநீதி என்று முடித்துவிடவும் கூடாது. நம் ஊரிலேயே விசைத்தறித் தொழிலாளர்கள் கூலி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் தறியை நிறுத்தி, பேச்சுவார்த்தை மேசைக்கு நடையாய் நடக்கிறார்கள். அங்கே இரு பக்கமும் நம்மவர்கள்தான். ஆகவே முதலாளியின் ஊரைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கூலியை யார் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். உழைப்பவருக்கு அந்தப் பேச்சில் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். தறி நிற்கும் நாளில் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் வாத்தியாரும் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 1908இல் தூத்துக்குடி மக்கள் இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார்கள். ஒன்பதே நாளில் வெற்றி கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோரல் மில்லிலோ, பாபநாசம் மில் இருக்கும் விக்கிரமசிங்கபுரத்திலோ, மதுரை ஹார்வியிலோ வேலை பார்த்த தாத்தா, பாட்டி, பெரியப்பா உங்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். அவர்களின் சம்பளச் சீட்டு, பாஸ் புத்தகம், சங்கச் சந்தா ரசீது, மில் வாசலில் எடுத்த படம் எதுவாக இருந்தாலும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, என்ன கூலி வாங்கினார்கள், எத்தனை மணிக்குச் சங்கு ஊதியது, எதற்காக வேலையை நிறுத்தினார்கள் என்று எழுதி வையுங்கள். துரைகளின் கணக்கு அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தொழிலாளியின் கணக்கு நம் வீடுகளில்தான் இருக்கிறது. அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்த இதழில்: தாமிரபரணித் தண்ணீரில் ஓடிய ஆலை. பாபநாசத்தில் ஹார்வி கட்டிய மில்லும், அதைச் சுற்றி வளர்ந்த விக்கிரமசிங்கபுரமும்.

(தொடரும்)